சிவப்பும் 85, பச்சையும் 85

2005 பொங்கலுக்கு முந்தின நாள். காலை ஏழு மணிக்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலை முதலாளி குன்னூரில் இருந்த என் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தட்டினார். கையில் அன்றைய பேப்பர். உள்பக்கத்தில் கால் பக்க விளம்பரம், நான் செய்து கொடுத்தது. பாக்கெட் படம் இருந்தது, இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் இருந்தது, போன் நம்பர் இருந்தது. டீத்தூளின் பெயர் மட்டும் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம்.

“ஏன் தம்பி, நம்ம டீக்குப் பேரே வைக்கலையா?” என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாக்கெட்டை வடிவமைத்ததும் நான்தான். பச்சைப் பின்னணி, அதன்மேல் அடர் சிவப்பில் பெயர், எழுத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. மளிகைக் கடை அலமாரியில் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படும். பேப்பரின் உள்பக்கம் கறுப்பு வெள்ளை என்பதால் போட்டோஷாப் 7-இல் கண்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து ஒரு அழுத்து. டீசாச்சுரேட். கலர் போயிற்று, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன். என் மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தத் தங்கக் கோடு எழுத்தின் விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. நியூஸ்பிரிண்டில் மை பரவி அந்தக் கோட்டையும் விழுங்கிவிட்டது.

பழியை அச்சகத்தின் மேல் போட்டேன். அப்போதே கோவைக்கு பஸ் ஏறி, மலை இறங்கும் வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போனதும் குரலை உயர்த்திப் பேசவும் பேசினேன். லேஅவுட் பிரிவில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பதில் சொல்லாமல் என் ஃபைலைத் திறந்தான். எழுத்தின் மேல் மவுஸை வைத்தான்: 85. பின்னணியின் மேல் வைத்தான்: 85.

“சார், நீங்க அனுப்பினதுலயே ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றான்.

நான் அனுப்பியிருந்த கலர் ஃபைலையும் திறந்து, டீசாச்சுரேட் பக்கமே போகாமல், மோடு மெனுவில் கிரேஸ்கேல் கொடுத்தான். பச்சை வெளுத்து, சிவப்பு இருண்டு, பெயர் பளிச்சென்று எழுந்து நின்றது. அந்தப் பையனிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் சிவப்பு: சிவப்பு 160, பச்சை 10, நீலம் 20. என் பச்சை: 20, 150, 60. டீசாச்சுரேட் செய்வது மிக எளிய கணக்கு. மூன்று எண்ணில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும். 160-உம் 10-உம் 170, பாதி 85. 150-உம் 20-உம் 170, பாதி 85. எந்த எண் எந்த நிறத்தினுடையது என்று அது கேட்பதே இல்லை. எச்.எஸ்.எல். என்ற முறையில் இதற்கு லைட்னஸ் என்று பெயர்.

கண்ணுக்கு ஒத்த கணக்கு வேறு. சிவப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இதற்கு லூமா என்று பெயர். நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகம் உறைக்கும், நீலம் மிகக் குறைவு. அதனால் இந்தப் பங்கீடு. என் சிவப்புக்கு 56 வந்தது, பச்சைக்கு 101. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

இந்தக் கணக்கு டிவிக்காரர்கள் போட்டது. கலரில் ஒளிபரப்பும் படம் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் சரியாகத் தெரிய வேண்டுமே. 1982-இல் தூர்தர்ஷன் கலருக்கு மாறிய பிறகும் எங்கள் வீட்டில் வெகுகாலம் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியில் எங்கள் ஊட்டியிலேயே எடுத்த பாட்டு வரும். கதாநாயகியின் சிவப்புப் புடவை புல்வெளியோடு கலந்து காணாமல் போனதில்லை. ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இதையெல்லாம்விட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் தொழில் பழகியது டார்க்ரூமில். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. இப்போது மூடிக் கிடக்கிறது. அதன் சரக்குக்கு ‘இந்து’ என்று பெயர். சந்திரன் என்று அர்த்தம். அந்த ஃபிலிமில் எடுத்து, சிவப்பு விளக்கின் கீழ் பேப்பரை ட்ரேயில் ஆட்டி ஆட்டி வளர்ந்தவன் நான். சிவப்பு விளக்கு ஏன்? கறுப்பு வெள்ளை பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. என் கண்ணுக்கு அறை முழுக்க வெளிச்சம். பேப்பருக்கு அது கும்மிருட்டு. ஒரே விளக்கு, ஒரே அறை. யார் பார்க்கிறார்கள் என்று சொல்லாமல் வெளிச்சம் இவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதைத் தினமும் எட்டு மணி நேரம் அந்த அறையில் நின்று பார்த்தவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எண்ணை அப்படியே நம்பிவிட்டேன்.

போட்டோஷாப்பின் கலர் கட்டத்தில் எச்.எஸ்.பி. என்று மூன்று எண் இருக்கும். கடைசி எழுத்து பிரைட்னஸுக்கு. அது மூன்றில் பெரிய எண்ணை மட்டும் பார்க்கும். அதனால் சுத்த மஞ்சளுக்கும் 100, சுத்த நீலத்துக்கும் 100, வெள்ளைக்கும் 100. மஞ்சள் தாளில் நீல மையால் எழுதிப் பார்த்த எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் இதைக் கேட்டால் சிரிக்கும். இதே முறையை எச்.எஸ்.வி. என்றும் சொல்வார்கள். எச்.எஸ்.எல்., எச்.எஸ்.வி. இரண்டும் 1978-இல் கணினிக்காரர்கள் நிறம் தேர்ந்தெடுக்கச் சௌகரியமாக எழுதிக்கொண்டவை. 1976-இல் வந்த லேப் என்ற முறைதான் மனிதக் கண்ணைக் கணக்கில் கொண்டது. அதன் ‘எல்’ எண்ணில் மஞ்சள் 97-ஐத் தாண்டும், நீலம் 30-ஐ ஒட்டி நிற்கும்.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. 0 முதல் 255 வரை போகும் எண்ணில் 128 என்றால் பாதி வெளிச்சம் என்று நினைத்திருந்தேன். வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. படத்தில் 128 தருவது வெள்ளையின் ஒளியில் சுமார் 22 சதவீதம்தான். பாதி ஒளி வேண்டுமென்றால் 188 வரை ஏற வேண்டும். கேமரா பையில் பல வருடம் 18 சதவீதச் சாம்பல் அட்டையைச் சுமந்தவனுக்கு, அந்த அட்டை இந்த அளவுகோலின் நடுவை ஒட்டி உட்காருவதைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மெனுவில் இருக்கும் பிரைட்னஸ் வேறு கதை. பழைய பதிப்பில் 40 ஏற்றினால் ஒவ்வொரு புள்ளியிலும் 40-ஐக் கூட்டிவிடும். பனிமூட்டத்தில் எடுத்த கல்யாணப் படங்களில் இதைப் போட்டு, மூட்டத்துக்குள் மெல்லத் தெரிந்த சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக அழித்திருக்கிறேன். அந்த ஆல்பங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. விசேஷத்துக்குப் போனால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. 2007-இல் வந்த பதிப்பில் அதே பெயரில் வேலை செய்யும் விதத்தை மாற்றினார்கள். பெயர் மாறவில்லை.

மறு வாரம் தப்பை ஒப்புக்கொள்ளத் தொழிற்சாலைக்குப் போனேன். முதலாளி டேஸ்டிங் மேஜையருகே இருந்தார். வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். டீ மேக்கர் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போனவர் ஒன்றின் முன் நின்றார். “கலர் இருக்கு. பிரைட்னஸ் போச்சு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்தேன். இலையைப் புளிக்க விடுவது நேரம் தாண்டினால் சாயம் கூடும், பளிச்சென்ற துலக்கம் குறையும். துலக்கத்துக்குக் காரணம் தியாஃப்ளேவின், சாயத்துக்குக் காரணம் தியாருபிஜின். நேரம் கூடக்கூட முதலாவது குறைந்து இரண்டாவது ஏறும். அவர்கள் தொழிலில் இரண்டுக்கும் இரண்டு பெயர். ஒன்றைச் சொல்லி மற்றதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; ஏலத்தில் விலை விழுந்துவிடும்.

என் கவுண்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். “அண்ணே, கொஞ்சம் பிரைட்டா போடுங்க” என்பார்கள். ஒருவருக்கு மூட்டம் விலகவேண்டும், ஒருவருக்குக் கண்ணில் ஒளி வேண்டும், பெரும்பாலோருக்கு முகம் வெளுக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே ஸ்லைடரை இழுத்தவன் நான். இப்போது எது என்று கேட்டுவிடுகிறேன். வெளுப்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுப் பாதிப் பேர், “இருக்கிறபடியே போடுங்க” என்கிறார்கள். படமும் நன்றாக வருகிறது.

முதலாளி பாக்கெட்டை மாற்றவில்லை. அதே பச்சை, அதே சிவப்பு. விளம்பரம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தது, பெயரோடு.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். 160, 10, 20 என்று ஒரு கட்டமும் 20, 150, 60 என்று இன்னொரு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, டீசாச்சுரேட் கொடுங்கள். அன்டூ செய்துவிட்டு கிரேஸ்கேல் கொடுங்கள். இரண்டு நிமிடம் ஆகாது. எனக்கு அது கால் பக்க விளம்பரக் காசு ஆயிற்று.