இரண்டு நிமிடக் குக்கீ

திங்கள்

கூகுள் கணக்கின் வழியே ஓர் இணையச் செயலிக்குள் நுழைய முயன்றவர்கள், ரீடைரக்ட் முகவரி பொருந்தவில்லை என்ற அறிவிப்போடு கூகுளின் பக்கத்திலேயே நின்றுவிட்டனர். பிழைத் திரை யாருடைய பக்கத்தில் தோன்றுகிறது என்பதே முதலில் கவனிக்கத்தக்கது. கூகுளின் பக்கத்தில் தோன்றினால், செயலி அனுப்பிய கோரிக்கை வாசலிலேயே மறுக்கப்பட்டது என்று பொருள். 2012இல் வெளியான ஓஆத் 2.0 நெறிமுறையின்படி, கடவுச்சொல் செயலியின் கைக்கு வருவதில்லை; அதற்குப் பதிலாக ஒரு தற்காலிகக் குறியீடு, முன்பே பதிவு செய்யப்பட்ட முகவரிக்கு மட்டும் அனுப்பப்படுகிறது. அந்த முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் மறுப்புதான். இங்கே பதிவில் இருந்தது எச்டிடிபிஎஸ்; செயலி அனுப்பியதோ எச்டிடிபி. மறையாக்கம் முன்னால் நிற்கும் ப்ராக்ஸியிலேயே முடிந்துவிட்டதால், பின்னால் இருந்த சர்வர் தன் முகவரியைத் தவறாகக் கணித்திருந்தது. ப்ராக்ஸி அனுப்பும் தலைப்புத் தகவலை நம்புமாறு அமைத்ததும் இது தீர்ந்தது.

செவ்வாய்

ஆப்பிள் வழி நுழைவில் வந்த புகார் வேறு வகையானது. பிழை செயலியின் சொந்தப் பக்கத்தில், ஸ்டேட் பொருந்தவில்லை என்று தோன்றியது. ஸ்டேட் என்பது செயலியே உருவாக்கும், ஊகிக்க இயலாத ஒரு சரம். புறப்படும்போது அதைக் குக்கீயில் வைத்து, திரும்பி வருவதோடு ஒப்பிடுவதன் மூலம், வேறொருவர் தம் கணக்கின் குறியீட்டைப் பயனர்மீது திணிப்பது தடுக்கப்படுகிறது. ஒப்பீட்டையே நீக்கிவிடலாம் என்ற யோசனை இத்தகைய வேளையில் யாரிடமிருந்தாவது வந்தே தீரும். அது பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். விந்தை என்னவெனில், சோதனை செய்தவர்கள் எவருக்கும் பிழை வரவில்லை.

புதன்

பயனரின் பெயரையோ மின்னஞ்சலையோ செயலி கேட்கும்போது, ஆப்பிள் தன் பதிலை வழக்கமான இணைப்பாக அனுப்பாமல், போஸ்ட் முறையில் படிவமாகச் செயலிக்கு அனுப்பச் செய்கிறது. 2020இல் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் என்ற பண்பு குறிக்கப்படாத குக்கீகள் லாக்ஸ் எனக் கருதப்படுகின்றன. அதாவது, வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் வரும் கோரிக்கையோடு அவை செல்வதில்லை. ஆனால் பழைய நுழைவு முறைகள் உடைந்துபோகாதிருக்க குரோம் ஒரு சலுகை வைத்தது: பண்பு குறிக்கப்படாத குக்கீ உருவாகி இரண்டு நிமிடங்கள் ஆகாதிருந்தால், அது போஸ்டோடும் செல்லும். சோதனையாளர்கள் விரல் ரேகை வைத்து நொடிகளில் திரும்பிவிட்டனர். கடவுச்சொல்லை நினைவுகூர்ந்து, வேறு கருவிக்கு வந்த ஆறிலக்க எண்ணைத் தேடி எடுத்துத் தட்டியவர்களுக்கோ அந்தக் கெடு கடந்துவிட்டது. சர்வர் லாக்கில் புறப்பாட்டு நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் அருகருகே வைத்தபோது, தோல்வியடைந்தவை யாவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியவையாக இருந்தன.

வியாழன்

ஸ்டேட்டைத் தாங்கும் குக்கீக்கு மட்டும் சேம்சைட் நன் என்றும், அதனோடு கட்டாயமாக வேண்டிய செக்யூர் என்றும் குறிக்கப்பட்டது. பத்து நிமிட ஆயுளும் இடப்பட்டது. நுழைந்தபின் பயன்படும் அமர்வுக் குக்கீ லாக்ஸாகவே விடப்பட்டது. அதையும் தளர்த்தினால், பிற தளங்கள் பயனரின் பெயரால் கோரிக்கை அனுப்பும் வழி திறந்துவிடும். ஆப்பிளின் திரையில் வேண்டுமென்றே காத்திருந்துவிட்டுத் தொடரும் ஒரு சோதனையும் அன்றே பட்டியலில் சேர்க்கப்பட்டது.