நினையாப் பிரகாரம் ஒரு நெடும் பயணம்



இத்தாலிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "ரோமாபுரி பார்த்தீர்களா? வெனிஸில் படகில் போனீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை. தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவுக்குப் போனவள் நான். நாற்பது நாளும் கஷாயம் காய்ச்சுவதிலும் பிள்ளை குளிப்பாட்டுவதிலுமே கழிந்தன. பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மகனைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். நாடு திரும்ப ஒரு கிழமை இருக்கும்போதுதான் இந்தப் பயணம் வாய்த்தது. திட்டம் ஒன்றும் கிடையாது. இரவு பேசினோம், விடியக் கிளம்பினோம்.

பலெர்மோவில் நம் நாட்டவர் பலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். பல்லாரோ சந்தையில் வங்காளதேசத்தவரின் கடைகளில் வெண்டிக்காயும் பச்சை மிளகாயும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே ஒருநாள் தங்கை மூலமாக ஒருத்தியின் தொலைபேசி இலக்கம் என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் பக்கத்து வளவில் இருந்தவள். கிணற்றடி வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியாகத்தான் எங்கள் போக்குவரத்து. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்ட நாளில், அந்தப் பொட்டடியில் நின்று அழுதவள். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை.

பலெர்மோவின் பெரிய தேவாலயத்து வாசலில் சந்திப்போம் என்றாள். அதன் தெற்கு வாசல் மண்டபத்துத் தூண்களில் ஒன்றில் அரபு எழுத்துக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஸூரத்துல் அஃராபின் 54ஆவது ஆயத்து அது. தேவாலய வாசலில் குர்ஆன் ஆயத்தா என்று நான் திகைத்து நிற்கும்போது பின்னாலிருந்து, "அடியே, அப்பிடியே இருக்கிறாய்" என்று குரல் கேட்டது. அப்படியே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அவளோடு ஒரு துனீசியப் பெண்ணும் வந்திருந்தார். சிசிலியின் தென்மேற்குக் கரையிலுள்ள மஸாரா தெல் வல்லோ என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர், மீனவர் ஒருவரின் மகள். 827இல் சிசிலியைக் கைப்பற்ற வந்த அரபுப் படைகள் இறங்கியது அந்தக் கரையில்தான். எங்கள் இருவரையும் விட மூத்தவர் என்பதால் நான் அவரை ராத்தா என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துக்கொண்டது.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது நான் கேட்டேன்: "இங்கே முஸ்லிம்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள் என்கிறீர்கள். ஊர்ப் பெயரும் அரபு, சாப்பாட்டுப் பெயரும் அரபு. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்?"

"லுச்சேராவுக்கு அனுப்பப்பட்டார்கள்" என்றார் ராத்தா.

"அது எங்கே?"

"கடலுக்கு அப்பால். இங்கிருந்து எழுநூறு கிலோ மீற்றருக்கு மேல்."

தோழி கோப்பையைக் கீழே வைத்தாள். "போவமா?" என்றாள்.

அவள் 'பாதந்தே'. வயோதிபர்களை வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் பெண்ணை இத்தாலியில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் பார்க்கும் பாட்டியை, நவம்பர் முதலாம், இரண்டாம் திகதி விடுமுறைக்கு மகன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாராம். பதினொரு வருடத்தில் அவளுக்குச் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைப்பது அதுதான் முதல் தடவை. ராத்தாவிடம் ஒரு பழைய ஃபியட் பாண்டா கார் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து ஊரில் இருக்கும் கணவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "மகன் கூட வாறானா? அப்ப போய்ட்டு வாங்க" என்றார்.

ஆக, ஒக்டோபர் 30ஆம் திகதி அதிகாலையில் புறப்பட்டோம். அந்தத் திகதியை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

வடகரையோரமாகக் கிழக்கே போகும் பெருந்தெரு, மலையைக் குடைந்து குடைந்து போகிறது. ஒரு சுரங்கம் முடிந்தால் கண் கூசும் நீலக் கடல், உடனே அடுத்த சுரங்கம். செபலூ என்ற கடலோர ஊரில் காலைச் சாப்பாடு. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் உதவும் என்று ஒன்று சொல்லி வைக்கிறேன். இனிப்புக் கடைகளில் அழகாக அடுக்கியிருக்கும் 'கன்னோலி'யின் மொறு மொறு கூட்டில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் வைனும் சேரும். 'ஸ்த்ருத்தோ' போட்டதா என்று கேளுங்கள். அதுதான் அந்தக் கொழுப்பின் பெயர். சோற்று உருண்டையைப் பொரித்துச் செய்யும் 'அரஞ்சினி'யிலும் வெண்ணெய் வகை என்று சொல்வதற்குள் பன்றியிறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்தது இருக்கிறதா என்று கேட்டால் கொடுப்பார்கள். எங்களுக்கு எல்லாவற்றையும் ராத்தாவே கேட்டார், கடைக்காரர் சலிக்கும் வரை கேட்டார்.

வழி நெடுக அவர் எனக்குச் சொல் பொறுக்கித் தந்தார். தோடம்பூவுக்கு சிசிலியில் 'ஸாகரா', அரபியில் 'ஸஹ்ர்'. எள்ளுக்கு 'ஜுஜுலேனா', அரபியில் 'ஜுல்ஜுலான்'. தோட்டத்துக்கு நீர் சேர்த்து வைக்கும் தொட்டிக்கு 'ஜெப்பியா', அதுவும் அரபுதான். ஆட்கள் போய்விட்டாலும் அவர்கள் நட்ட மரத்தின் பெயரும் வெட்டிய தொட்டியின் பெயரும் போகவில்லை.

மெசினாவில் கார் கப்பலில் ஏறியது. நீரிணையின் மிக ஒடுங்கிய இடம் 3 கிலோ மீற்றர் அளவுதான். இருபது நிமிடத்தில் அக்கரை. ரயிலைக்கூடத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று கேட்டு மகன் வாய் பிளந்தான். இந்த மெசினாவில்தான், ஹஜ்ஜை முடித்துவிட்டு ஸ்பெயினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இப்னு ஜுபைர் என்ற பயணியின் கப்பல் 1184 டிசம்பரில் உடைந்தது. அப்போது சிசிலியை ஆண்டது கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம். படகுக் கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக மன்னரே பணம் கொடுத்தார் என்று இப்னு ஜுபைர் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியவற்றுள் நமக்குச் சுவையானது இன்னொன்று. பலெர்மோவின் கிறிஸ்தவப் பெண்கள் பெருநாளன்று முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்து, முகத்திரை அணிந்து, மருதோன்றியிட்டு, அத்தர் பூசிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்களாம்! பக்கத்து வீட்டுக்காரியின் உடுப்பைப் பார்த்து அது போலத் தைத்துக்கொள்வது எந்தக் காலத்திலும் உள்ள பழக்கம்தானே.

ஆனால் அதற்குப் பிறகு நாற்பது வருடங்கூட அந்த அயல் நிலைக்கவில்லை.

அக்கரையில் கலாபிரியா. அந்தக் கரையோரத்தில்தான் உலகின் பேர்கமோட் பழத்தில் மிகப் பெரும் பங்கு விளைகிறது. தேசிக்காய் இனம். அதன் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயைத்தான் 'ஏர்ல் கிரே' தேயிலைக்கு வாசனையாகச் சேர்க்கிறார்கள். ஊரில் தேயிலைப் பெட்டியில் எத்தனையோ முறை முகர்ந்த வாசனை, இங்கே ஒரு காயை நகத்தால் கீறியதும் வந்தது. பிறகு மலைப்பாதை, மழை, இருட்டு. பெட்ரோல் ஷெட் ஒன்றின் பின்புறம் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். தோழி எங்கள் மூவருடைய சப்பாத்துகளுக்கும் காவல் நின்றாள். அன்றிரவு கோசென்சாவில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம்.

மறுநாள் மத்தேரா. சகோதரிகளே, இந்த ஊரைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதலாம். செங்குத்தான பள்ளத்தாக்கின் ஓரத்தில் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து குடைந்து வீடுகள். 'ஸாஸி' என்பார்கள். ஒருவர் வீட்டுக் கூரை அடுத்தவர் நடக்கும் தெரு. 1950கள் வரை ஆயிரக்கணக்கானோர் அவற்றில் வாழ்ந்தார்கள். ஒரே குகையில் தாய், தகப்பன், பிள்ளைகள், கோவேறு கழுதை, கோழி எல்லாம். அப்படியே பேணி வைத்திருக்கும் ஒரு குகை வீட்டுக்குள் போனோம். கட்டில் இடுப்பளவு உயரம். அடியில் கோழிகள் அடையும். கைக்குழந்தை அலுமாரியின் இழுப்பறையில் உறங்கும்.

மலேரியாவும் சிசு மரணமும் மலிந்திருந்ததால், 1952இல் சட்டம் இயற்றி, ஏறத்தாழ 15,000 பேரை அரசாங்கம் படிப்படியாகப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றியது. வெறும் குகைகளாகக் கிடந்த ஊர் 1993இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அதே குகைகள் விலை கூடிய ஹோட்டல்கள். நல்லதுக்குத்தான் மாற்றினார்கள், மறுக்க முடியாது. ஆனாலும் ரிக்கட் கொடுத்த பெண் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. அவருடைய பாட்டிக்குப் புதிய வீட்டில் தண்ணீர்க் குழாயும் ஜன்னலும் கிடைத்தனவாம். ஆனால் 'விசினாத்தோ' போய்விட்டது என்று கடைசிவரை சொல்வாராம். பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பொதுவான முற்றம் அது. கிணறும் அங்கே, பேச்சும் அங்கே.

கண்ணாடிப் பெட்டியில் மரத்தில் செதுக்கிய சின்னச் சின்ன முத்திரைகள் இருந்தன. வீட்டில் மா குழைத்துப் பொதுப் போறணைக்குக் கொடுத்தனுப்பும்போது, யாருடைய பாண் எது என்று தெரிய ஒவ்வொரு குடும்பமும் தன் முத்திரையைக் குத்துமாம். தோழி வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து பெரிய பாண் ஒன்று வாங்கினோம். ஒரு கிழமை வைத்திருந்தாலும் கெடாது என்றார் கடைக்காரர்.

திரும்பும் அவசரத்தில், குறித்த வாகனங்கள் மட்டுமே நுழையலாம் என்ற பலகையைக் கவனிக்காமல் பழைய நகரத்துக்குள் காரை விட்டுவிட்டோம். கமரா இலக்கத்தைப் பிடித்துவிட்டது. தண்டப் பணக் கடிதம் சில மாதங்களின் பின் ராத்தாவுக்கு வந்ததாம். அவர் அதைச் சொல்லிச் சிரித்தார், எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நவம்பர் முதலாம் திகதி பிற்பகல் லுச்சேரா. ஃபோஜா நகரிலிருந்து சுமார் 20 கிலோ மீற்றர். உழுது போட்ட கோதுமை வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரையாகக் கிடக்க, நடுவே ஒரு மேடு, மேட்டில் கோட்டை. 1220களிலிருந்து இருபது வருடங்களுக்கு மேலாக, பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் சிசிலி மலைகளில் கிளர்ந்த முஸ்லிம்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து இறக்கினார். 15,000 முதல் 20,000 பேர் வரை இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. வந்த இடத்தில் பயிர் செய்தார்கள், வில்லாளிகளாகப் பேரரசருக்கே காவல் நின்றார்கள். பள்ளிவாசல் இருந்தது, பாங்கு ஒலித்தது. 1300 ஓகஸ்டில், இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் ஆணையில் அதுவும் முடிந்தது. தப்பியவர்கள் தப்ப, ஏனையோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பள்ளிவாசல் இருந்த இடத்தில்தான் இன்றைய பெரிய தேவாலயம் நிற்கிறது என்கிறார்கள்.

கோட்டை வாசல் பூட்டியிருந்தது. 900 மீற்றர் நீளமான மதிலை ஒட்டி நடந்தோம். காற்று முந்தானையைப் பிய்த்தது. மகன் கேட்டான், "உம்மா, இவங்கள்ல ஒருத்தராவது திரும்பிப் போனாங்களா?" ராத்தா தலையை ஆட்டிவிட்டு மதிலைத் தொட்டுக்கொண்டு முன்னே போனார்.

அப்போதுதான் தோழி பேசினாள்.

"உங்கட மெஷின் எங்களிட்டை இல்லையடி."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. வெளியேறச் சொன்ன அந்த இரண்டு மணி நேரத்தில் என் உம்மா செய்த ஒரே காரியம், தன் சிங்கர் கால் மெஷினை வேலிப் பொட்டைப் பெரிதாகப் பிய்த்து அவள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் வைத்ததுதான். புத்தளத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டிலில், கையால் தைக்கும்போதெல்லாம் உம்மா சொல்வார்: "இந்நேரம் அத வித்துத் தின்னிருப்பாங்க." வருடக்கணக்காக அதைக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். இந்த மூன்று நாளும் காரில் என் வாயில் வந்து வந்து நின்ற கேள்வி அதுதான்.

"அஞ்சு வருஷம் அம்மா துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்தவ. 95இலை நாங்களும் வெளிக்கிட்டம். அதே ஒக்டோபர் 30. மழையிலை, நாவற்குழிப் பாலத்திலை நகர இடமில்லை. சைக்கிள்லை அம்மம்மாவை ஏத்தினம். மெஷினை ஏத்த ஏலேல்லை. திரும்பிப் போகேக்கை வீட்டுக்குக் கூரையும் இல்லை, மெஷினும் இல்லை. அம்மா சாகும் மட்டும் அதைத்தான் சொன்னவ, மற்றவையின்ரை பொருள் எண்டு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துப் புத்தளத்துக்கு அழைத்தேன். ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல். உம்மா இஷாத் தொழுதுவிட்டுப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அதுட வார் அறுந்து கிடந்திச்சே. எப்படித் தைச்சாங்களாம்?"

தோழி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "ஓம் உம்மா, ஐயா சைக்கிள் ரியூப் வெட்டிப் போட்டவர். நல்லா ஓடினது. என்ரை சாமத்திய வீட்டுச் சட்டை அதிலைதான் தைச்சது" என்றாள். அதற்கு மேல் நான் நிற்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு அடுத்த கோபுரம் வரை நடந்தேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்தா காரின் பின் கதவைத் திறந்து, மத்தேராப் பாணை நாலு துண்டாக வெட்டி, ஒலிவ் காய்ப் போத்தலைத் திறந்து வைத்தார். விடியுமுன் புறப்பட்டால்தான் பாட்டி வீடு திரும்புமுன் பலெர்மோ போய்ச் சேரலாம்.