பீரங்கிகளும் ஒரு நீலப் பலகையும்

ரஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் பீரங்கி நூதனசாலைக்குப் போயிருந்தேன். முற்றம் நிறையப் பீரங்கிகள். உள்ளே ‘கத்யூஷா’ என்னும் றொக்கட் செலுத்தி. கத்யூஷா என்பது பெண்பிள்ளைக்கு இடும் செல்லப்பெயராம்! பதுங்குகுழிக்குள் அம்மாவின் மடியில் கிடந்து எறிகணைகளை எண்ணிய எனக்கு அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அன்று லெனின்கிராட் எனப்பட்ட இந்நகரம் 1941 முதல் 1944 வரை 872 நாட்கள் முற்றுகையில் இருந்தது. முதற் குளிர்காலத்தில் பலருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண்தான்.

நெவ்ஸ்கி வீதியின் 14ஆம் இலக்கச் சுவரில், எறிகணை வீச்சின்போது வீதியின் இப்பக்கமே மிக ஆபத்தானது என்ற அக்கால எச்சரிக்கையை நீலத்தில் மீள எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்தால் போய்ப் பாண் வாங்குவது என்று யோசித்த தாயை நூதனசாலையில் அல்ல, அங்கேதான் கண்டேன்.

சகோதரிகளே, நாங்கள் நடந்த பாதைகளையும் நாங்களே எழுதி வைப்போம்.