பீடம் மட்டும் மிச்சம்

நாற்பது வயது. சிறு அலுவலை உதறியவன். கல்லீரல் நோகிறது, மருத்துவரிடம் போகமாட்டான். ஏன்? வீம்பு! கேடு தனக்கே என்பதும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறான். 1864-இல் தஸ்தாயெவ்ஸ்கி தந்த 'நிலவறைக் குறிப்புகள்' நூலின் பெயரில்லா நாயகன் இவன்.

அவன் சீற்றத்துக்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டுதான், கோட்டைச் சிறையில் இருந்தவாறே செர்னிஷெவ்ஸ்கி எழுதிய 'என்ன செய்ய வேண்டும்?' நாவல் வெளிவந்தது. அறிவு வளர்ந்தால் மனிதன் தன் நலம் எதுவென உணர்வான், உணர்ந்தால் நல்லவனாவான், இரும்பும் கண்ணாடியும் கொண்ட மாளிகையில் எல்லோரும் இன்புற்று வாழ்வர் என்பது அவர் கனவு. நிலவறை மனிதன் நகைக்கிறான். ஈரிரண்டு நான்கு என்று கணக்குப் போட்டு என் இன்பத்தை நீ வகுப்பதா? நீ தட்ட நான் ஒலிக்க, நான் என்ன பியானோக் கட்டையா? என்னைக் கெடுத்துக்கொண்டேனும் நான் மனிதன் என்று காட்டுவேன் என்கிறான்.

பகுத்தறிவை நேசிப்பவன் நான். ஆயினும், அந்த நகைப்பைக் கேளாதவன்போல் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. மனிதனைக் கேளாமல் அவனுக்கு நன்மை வகுப்பவன், அறிவின் பெயரால் வந்தாலும் ஆண்டைதானே!

ஆனால், தன்னை அழிப்பது விடுதலையாகுமா? விடை, அதே ஆசிரியரின் 'பேய்கள்' நாவலில் இருக்கிறது. அதில் வரும் பொறியாளன் கிரிலோவ், கடவுள் இல்லையேல் எல்லாம் என் விருப்பம், அதை மெய்ப்பிக்க என் உயிரை நானே போக்குவேன் என்கிறான். நடந்தது என்ன? வெர்ஹோவென்ஸ்கி என்னும் சூழ்ச்சிக்காரன் அந்த நாளுக்காகக் காத்திருந்தான். தன் கூட்டம் ஷாத்தவைக் கொன்ற பழியைக் கிரிலோவே ஏற்பதாகக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டான். எவருக்கும் பணியேன் என்றவனின் இறுதி எழுத்து, பிறன் சொல்லச் சொல்ல எழுதிய பொய்!

நாத்திகத்தின் முடிவு இதுதான் என எச்சரிக்கிறார் ஆசிரியர். நான் வேறு காண்கிறேன். கிரிலோவ் தெய்வத்தை அகற்றினான், பலிபீடத்தை விட்டுவைத்தான். காலியான பீடத்தில் தன் கழுத்தையே வைத்தான்.

இவற்றை எழுதியவர் சாவை அருகில் கண்டவர். கோகோலுக்குப் பெலின்ஸ்கி எழுதிய தடைசெய்யப்பட்ட மடலைப் படித்துக் காட்டியதும் ஒரு குற்றமாக, 1849 டிசம்பர் 22 அன்று கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டார். கடைசி நேரத்தில் தண்டனை மாறியது. சைபீரியாவில் நான்காண்டுக் கடுஞ்சிறை. அன்றே அண்ணனுக்கு எழுதிய மடலில் அவர் வாழ்வைப் போற்றினார்.

தோழர்களே, 'மாட்டேன்' என்பது விடுதலையின் முதல் எழுத்து. நாளையும் அதைச் சொல்ல, சொல்பவன் உயிரோடிருக்க வேண்டும்!