தவிட்டுக் குருவிக்கு எத்தனை பேர்?

ஆங்கிலப் பறவைப் புத்தகங்களில் இந்த மாதங்களுக்கு இலையுதிர்காலம் என்று பெயர். எங்கள் பக்கம் இலை கொட்டுகிற மரம் இறப்பர்தான், அதுவும் தை, மாசியில். ஐப்பசியில் கரவனெல்லயில் கொட்டுவது மழை மட்டும். காலையில் சுள்ளென்று வெயில், ரெண்டு மணிக்கு மேலே இடி, பொழுது சாயும்போது களனி கங்கை செம்மண் நிறத்தில் ஓடும். அடுத்த நாள் மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. முழுப்பேர், அரைப்பேர் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்த மழைக்கு நடுவேதான் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. முதலில் தகைவிலான்கள் கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும். பிறகு ஓடைக்கரையில் சாம்பல் வாலாட்டி. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக.

நாங்கள் நாலு பேர். மூன்று பேர் தோட்டம், ஒருவன் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன். ஏஎல் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை சும்மா கிடந்த மாதங்களில் இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் லீவு கிடைத்தால் ஒன்று சேர்ந்துவிடுவோம். எங்கள் சொத்து ஒரு பழைய பைனாகுலர், போனில் ஒரு ஆப், ஒரு கொப்பி. கொப்பியில் மூன்று கட்டம் போட்டிருக்கிறோம்: தோட்டத்துப் பேர், சிங்களப் பேர், புத்தகப் பேர்.

பைனாகுலரோடு தோட்ட ரோட்டில் நின்றால் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஒருதடவை மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். குருவி என்றோம். "அதுக்கா இம்புட்டுப் படிச்சீங்க?" என்றுவிட்டுப் போய்விட்டார்.

முதல் கட்டத்தை நிரப்பித் தந்தவர் எங்களில் ஒருத்தியின் அம்மாயி. முப்பது வருசத்துக்கு மேலே பால் வெட்டினவர். பச்சை முதுகு, நீலத் திட்டு, சிவந்த அடிவயிறு என்று ஒரு குட்டை வால் பறவையைப் போனில் காட்டி, இதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டோம். கண்ணாடியைக்கூடப் போடவில்லை அவர்.

"இது ஆறுமணிக் குருவில்ல? பெரட்டுக்குப் போறப்ப கத்தும். வெளக்கு வைக்கிறப்ப திரும்பக் கத்தும். தீவாளிக்கு முந்தி வந்துரும், சித்திரை வருசத்துக்குள்ள காணாமப் போயிரும்."

நாங்கள் புத்தகத்தில் தேடிப் படித்ததும் அவ்வளவுதான். இந்தியாவில் குஞ்சு பொரித்து, செப்டம்பர், அக்டோபரில் இங்கே வந்து, ஏப்ரலுக்குள் திரும்பிப் போகிற பறவை. காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கத்தும். இந்தியில் இதற்கு நவரங், ஒன்பது நிறம். தமிழ்ப் புத்தகங்களில் இன்னொரு பேரும் இருக்கிறது: தோட்டக்கள்ளன். "நம்ம தோட்டத்துல களவெடுக்க என்னடா இருக்கு?" என்று சிரித்தோம். எங்கள் சிங்களக் கூட்டாளி அவன் வீட்டில் கேட்ட கதையைச் சொன்னான். சிங்களத்தில் இது அவிச்சியா. முன்னொரு காலத்தில் இதன் அழகான உடுப்பை மயில் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லையாம். அதனால்தான் இன்றைக்கும் முறைப்பாடு சொல்லிக் கத்திக்கொண்டு திரிகிறதாம். ஒரு பாஷையில் கள்ளன், மற்ற பாஷையில் பறிகொடுத்தவன். ஒரே குருவி. அன்றைக்குத்தான் பேர்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம்.

ஆங்கிலத்தில் இலங்கைப் பறவைகளுக்குப் பெரிய வழிகாட்டி எழுதியவர் ஜி. எம். ஹென்றி. 1955இல் வந்தது. அவர் பிறந்தது இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்று படித்ததும் எங்களுக்கு ஒரே சந்தோசம். தோட்டத்தை நடத்திய துரையின் மகன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் ஒரு குறையும் இல்லை, அற்புதமாக வரைந்திருக்கிறார். ஆனால் தோட்டத்துப் பறவையை விடியற்காலையில் பார்த்த கண்கள் பங்களாவில் மட்டுமா இருந்தன? அம்மாயியின் கையில் பென்சில் இருக்கவில்லை, பால் வெட்டும் கத்தி இருந்தது.

நாங்கள் ஊரை விட்டு முதலில் போனது கொழும்புக்குப் பக்கத்தில் தலங்கமக் குளத்துக்கு. குளத்தில் ஒன்றையும் தேட வேண்டியதில்லை, எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். தாமரை இலை மேல் நீளவால் இலைக்கோழி நடந்தது. நீலத் தாழைக்கோழி சேற்றில் கிழங்கு பிடுங்கியது. கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள், அவையும் வடக்கிலிருந்து வந்தவை. தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: காட்டுக்கு ஓடாதீர்கள், முதலில் ஒரு குளக்கரையில் ரெண்டு மணித்தியாலம் உட்காருங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைக்கப் பழகவே அவ்வளவு நேரம் வேண்டும்.

அடுத்தது மலை. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற ஏ7 வீதி யட்டியாந்தோட்டை, கித்துல்கல, ஹட்டன் வழியாக நுவரெலியாவில் முடிகிறது. ஒரே ரோட்டில் இறப்பர் முடிந்து தேயிலை தொடங்கும், வியர்வை முடிந்து குளிர் தொடங்கும். நுவரெலியா விக்டோரியா பூங்கா, 1897இல் மகாராணியின் பேர் வைத்த இடம். பூங்காவில் எல்லாரும் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாகப் போகிற, சேறு நாறும் ஓடைப் பக்கம் நின்றோம். ஒரு மணித்தியாலம் கழித்து அது வந்தது. எங்கள் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு, நெஞ்சு செங்கல் சிவப்பு, அந்தச் சிவப்புக்குக் கறுப்பில் கரை. காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் கூடு கட்டி, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் வருகிறது. அது முக்கியமாகத் தங்குகிற இடங்கள் ரெண்டு. ஒன்று எங்கள் மலைநாடு. மற்றது நீலகிரி.

நீலகிரி என்றதும் பஸ்ஸில் வரும்போது எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருந்தோம். தோட்டத்தில் எந்த லயத்திலும் நீலகிரிக்குப் போன ஒரு சொந்தக்காரர் இருப்பார். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை இல்லாமல் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அம்மாயியின் தம்பி அப்படித் தலைமன்னாரில் கப்பல் ஏறினவர். கோத்தகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை பார்த்து, அங்கேயே கண்ணை மூடினார்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினோம். நீலகிரிக்கும் இந்தக் குருவி போகும் என்றோம். அம்மாயி கேட்டார்: "இங்க வந்துட்டு அங்க போகுமா?"

"இல்ல அம்மாயி. கொஞ்சம் இங்க வரும், கொஞ்சம் அங்க போகும்."

"அதும் பிரிஞ்சுதான் போகுதா," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது மூன்றாவது பயணம், கித்துல்கல. ஊரிலிருந்து பஸ்ஸில் கிட்டத்தில்தான். 1995இல் தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் யாருக்கும் தெரியாத ஓர் ஆந்தையின் குரலை முதலில் கேட்டது இந்தக் காட்டில்தான். அதை அவர் கண்ணால் கண்டது 2001இல், சிங்கராஜாவில். 2004இல்தான் அதற்கு அறிவியல் பேர் வைத்தார்கள். சிங்கராஜாவைக் காப்பாற்றப் போராடிய தீலோ ஹொப்மனைக் கௌரவித்து வைத்த பேர். ஒன்பது வருசம் பேரில்லாமல் கத்திக்கொண்டிருந்த ஆந்தை!

விடியற்காலையில் தோணியில் ஆற்றைக் கடந்தோம். வழிகாட்டி ஐயா முன்னால், நாங்கள் பின்னால், அட்டைகள் எல்லார் காலிலும். முதல் ரெண்டு மணித்தியாலம் காடு ஒன்றுமே காட்டவில்லை. பிறகு தூரத்தில் கசமுசவென்று ஒரு சத்தம். எங்கள் சிங்களக் கூட்டாளிதான் முதலில் கண்டான். கையை நீட்டி, "அந்தா, ரத்து தெமளிச்சா!" என்றான். சொன்ன கையோடு எங்களில் ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் லயத்துக் கோடிப் பக்கம் கூட்டமாகக் குப்பை கிண்டுகிற தவிட்டுக் குருவிக்குச் சிங்களத்தில் தெமளிச்சா என்று பேர். தெமள என்றால் தமிழ். அவள் ஒன்பதாம் வகுப்பில் டவுனுக்கு டியூசன் போய் வந்த காலத்தில், பஸ்ஸில் ரெண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து தமிழில் பேசினால் பின்சீட்டிலிருந்து வரும்: "தெமளிச்சோ, தெமளிச்சோ." அதற்குப் பிறகு அவர்கள் பஸ்ஸில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். டவுன் வரும்வரை நாலு பிள்ளைகளும் யன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்கள். இதை அவள் எங்களிடம் ஒருதடவைதான் சொல்லியிருக்கிறாள்.

"சத்தியமா மச்சான், எனக்கு அது வெறும் குருவி," என்றான் அவன். "சின்னதுல இருந்து சொல்றேன். உள்ளுக்கு அந்தச் சொல் இருக்குன்னு இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

அவள் பதில் சொல்லவில்லை. நாங்களும் என்ன சொல்வது? நாலு பேர், நாங்கள், கூட்டாளிமார் என்று சொல்லித் திரிகிறோம். ஒரு குருவிப் பேரில் மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்து நின்றோம்.

வழிகாட்டி ஐயாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் மெல்லிய குரலில், அசையாமல் நில்லுங்கள், இதுகள் வந்தால் மற்றதுகளும் வரும் என்றார். வந்தன. செம்மஞ்சள் அலகோடு பத்துப் பதினைந்து சிலம்பன்கள் சளசளவென்று இலைக்குள் புகுந்து கிண்டிக்கொண்டே முன்னால் போக, பின்னால் கரிச்சான், தீக்காக்கை, கொண்டைக்குருவி வகைகள். உயரத்தில் நீல உடம்பும் சிவந்த அலகுமாக ஒரு கெஹிபெல்லா. கடைசியில் வெள்ளை நாடாவை இழுத்துக்கொண்டு ஒரு அரசவால் ஈப்பிடிப்பான். சிங்களத்தில் அதற்கு சுது ரெதி ஹொரா, வெள்ளைத் துணிக்கள்ளன். இங்கேயே இருக்கிற ரெதி ஹொராவில் ஆணும் செம்பழுப்புத்தான். வெள்ளை வாலோடு வருவது இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி.

இப்படிக் கலந்து இரை தேடும் கூட்டங்களைச் சிங்கராஜாவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு இருந்தவர்களும் 1980களிலிருந்து எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரி நாற்பது பறவை, பத்துக்கும் மேலான இனம். கூட்டத்தின் நடுநாயகம் இந்தச் சிலம்பன்தான். அதன் ஓயாத சத்தம்தான் மற்றவற்றுக்குக் கூட்டம் எங்கே போகிறது என்று காட்டுகிறது. கழுகு, பருந்து வந்தால் கரிச்சான் எச்சரிக்கும். ஆளுக்கொரு வேலை. இன்னொரு விசயம், இந்தச் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன் இலங்கையைத் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. இந்தியாவில் கிடையாது. 'உங்க நாட்டுக்குப் போங்க' என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்வார்களே, அப்படிச் சொல்ல இதற்கு வேறு நாடே இல்லை. அதற்குத்தான் தெமளிச்சா என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் எங்களைத் தாண்டிப் போக ஐந்து நிமிசம் ஆகியிருக்கும். சத்தம் அடங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "பஸ்ல நாங்க வாய மூடியிருக்கக் கூடாதுடி."

திரும்பும்போது ஆற்றங்கரைக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே கொப்பியைத் திறந்தோம். புத்தகப் பேர்: சிலம்பன். சிலம்புதல் என்றால் ஒலித்தல். ரெண்டு பாஷைக்காரரும் கேட்டது ஒரே சத்தத்தைத்தான். ஒருவர் அந்தச் சத்தத்தையே பேராக வைத்தார், மற்றவர் எங்களைப் பேராக வைத்தார். சிங்களக் கட்டத்தை என்ன செய்வது என்று பார்த்தோம். வெறுமையாக விடலாம் என்றான் கூட்டாளி. அவள் பேனையை அவன் பக்கம் தள்ளினாள். "எழுது. உள்ளதைத்தானே எழுதணும்." அவன் தன் கையெழுத்தில் எழுதினான். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அவன் பழையபடி கத்திச் சொல்வானா தெரியாது. அவளுக்கு ஆறிவிட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வரும் வழியில் பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் தமிழும் சிங்களமும் கலந்து, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திப் பேசிக்கொண்டுதான் வந்தோம்.

ராத்திரி அம்மாயியிடம் எல்லாக் கதையும் சொன்னோம். சிங்களப் பேரையும் சொன்னோம். அம்மாயிக்கு அது எப்போதோ தெரியும்.

"தவிட்டுக் குருவிக்கு எத்தன பேர் இருந்தா என்ன," என்றார், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கு மரம் காஞ்சு, உங்க மாமாவுக்கு ஒரு பேர் விழுந்தா போதும்."

விடியும்போது மழை விட்டிருந்தது. மாமா கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே ஓடைப் பக்கம் ஆறுமணிக் குருவி கத்தியது. கொப்பியில் தேதி போட்டோம்.