மலைநாட்டுப் படங்களும் மடிக்கணினியும்

மூணாறு நகரை அடுத்த நல்லதண்ணித் தோட்டத்தில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. பழைய எந்திரங்களுடன் பழைய புகைப்படங்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒரு காலத்தில் சிறிய ரயில் ஓடியது என்று கூறினால் இன்றைய சிறுவர் பலர் நம்ப மாட்டார்கள். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தமையால் கேரள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். அதன்பின் ரயில் மீண்டும் ஓடவேயில்லை. பாதை போயிற்று, படங்கள் எஞ்சின. அப்படங்கள் இருப்பதனால்தான் அந்த ரயில் வெறுங்கதையாகி விடாமல் வரலாறாக நிற்கிறது.

நிறுவனங்களுக்கு அருங்காட்சியகம் உண்டு. ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்து, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்களுக்கு அத்தகைய வசதி ஏது? லயத்து வீட்டின் தகரப் பெட்டியில் கிடக்கும் நான்கைந்து படங்களே அவர்களுடைய அருங்காட்சியகம். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய எல்லை ஊர்களிலும் இதே நிலைதான். மாமன் வீடு பொள்ளாச்சியில், அத்தை வீடு போடியில், தங்கள் வீடு கேரளத்தில் என்று பிரிந்து வாழும் உறவுகளை ஒரே சட்டத்துக்குள் நிறுத்திக் காட்டுவது புகைப்படமே.

அந்தப் பெட்டியும் நிலையானதன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். உயிருக்கு ஈடாக எதனையும் சொல்ல இயலாது. ஆயினும் வீடு மண்ணுள் புதையும்போது, இறந்தவரின் முகத்தைப் பின்னொரு நாள் காட்டக்கூடிய படங்களும் உடன் புதைகின்றன. அதே படத்தின் இன்னொரு நகல் வேறோர் ஊரில் இருக்குமானால், எஞ்சியவர்க்கு அம்முகமாவது மிஞ்சும்.

இன்று படங்கள் தகரப் பெட்டியிலிருந்து திறன்பேசிக்கு இடம் மாறிவிட்டன. தாளில் அச்சிட்ட படம் மெல்ல மங்கும், ஓரம் மஞ்சளாகும், தான் அழிவதை முன்னரே அறிவிக்கும். திறன்பேசிப் படம் அப்படியன்று. இன்று பளிச்சென்று இருக்கும். நாளை கருவி நீரில் விழுந்தால் ஆயிரம் படங்களும் ஒருசேர மறையும். அதே வேளையில் அதற்கொரு சிறப்பும் உண்டு. அதன் நகல் மூலத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. எத்தனை முறை படியெடுத்தாலும் தெளிவு குறையாது. ஆகவே இக்காலப் படங்களின் பாதுகாப்பு பூட்டில் இல்லை, நகலில் இருக்கிறது.

முதல் நகலை மடிக்கணினியில் எடுத்து வைப்பது எளிது. திறன்பேசியைக் கம்பி வடத்தால் மடிக்கணினியுடன் இணைத்தவுடன், மின்னேற்றம் மட்டுமா, கோப்புப் பரிமாற்றமா என்று பெரும்பாலான திறன்பேசிகள் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் மடிக்கணினியின் திரையில் திறன்பேசியின் பெயர் தோன்றும். அதனுள் 'டிசிஐஎம்' என்னும் கோப்புறை இருக்கும். படக்கருவி எடுத்த படங்கள் வழக்கமாக அங்கேதான் சேர்கின்றன. அவற்றை வெட்டி எடுத்து ஒட்டுதல் நன்றன்று. படியெடுத்து ஒட்டுதலே நன்று. நகர்த்தும் பொழுது வடம் கழன்றால் படம் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போகக்கூடும். படியெடுத்த பின்னர் இரு இடத்தும் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்து, சில படங்களைத் திறந்தும் பார்த்த பிறகே திறன்பேசியில் உள்ளவற்றை நீக்கலாம்.

வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால், விரைந்து செல்வதற்காக அச்செயலி படத்தின் அளவைச் சுருக்கிவிடும். சிறு திரையில் அக்குறை தெரியாது. பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டும்போது முகம் கலங்கித் தெரியும். ஆவணமாக அனுப்பினால் மூல அளவு மாறாது. பென் டிரைவைப் பயன்படுத்துவோர், 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளையைக் கொடுத்த பின்னரே அதனைப் பிடுங்க வேண்டும். திரையில் எழுதி முடிந்ததாகத் தோன்றினாலும் உள்ளே எழுதுதல் சில வேளை முடிந்திருக்காது.

இவ்வாறு சேர்த்த படங்களுக்கு நீரும் நெருப்பும் மட்டும் பகையல்ல. கணினி நச்சுநிரலும் பகையே. நச்சுநிரல் என்பது உயிருள்ள கிருமியன்று. மனிதர் எழுதிய நிரலே. தன்னைத் தானே படியெடுத்துக் கொண்டு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதால் அப்பெயர் பெற்றது. 1986-இல் இலாகூரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்னும் நிரல், நெகிழ்வட்டுகளின் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' என்னும் நிரல் அன்பு மடல் போல் மின்னஞ்சலில் வந்தது. ஆவலோடு திறந்தவரின் கணினியில் இருந்த படக் கோப்புகளின் மேல் அது தன்னையே எழுதிக் கொண்டது. நகல் வைத்திராதவர்களின் படங்கள் மீளவில்லை.

தொலைநாட்டுக் கதை என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. 2017 மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அடுத்த சில நாட்களில் கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகங்களிலும், பாலக்காட்டிலுள்ள ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் அது புகுந்தது. அந்நிரல் கோப்புகளைத் திருடிச் செல்வதில்லை. இருந்த இடத்திலேயே பூட்டுப் போட்டு, திறவுகோலுக்கு 300 டாலர் கேட்கும். சொந்த வீட்டுக் கதவில் அயலான் பூட்டு மாட்டி வாடகை கேட்பது போன்றது அது.

இந்நிகழ்வில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை உரிய காலத்தில் ஏற்ற கணினிகள் தப்பின. நாளை பார்ப்போம் என்று தள்ளிப் போட்டவை சிக்கின. மடிக்கணினி 'புதுப்பிக்கவா' என்று கேட்கும்போது எரிச்சலுடன் மூடிவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

வீட்டு மடிக்கணினிக்குள் நச்சுநிரல் எந்த வழியில் வருகிறது? பெரும்பாலும் நாமே அழைத்து வரும் வழியில்தான். படத்தை அச்சிடக் கடைக்குக் கொண்டு சென்ற பென் டிரைவ், அங்குள்ள கணினியில் பலருடைய பென் டிரைவ்களும் செருகப்பட்ட அதே துளையில் செருகப்படுகிறது. திரும்பி வரும்போது நிரலொன்றும் உடன் வரலாம். கோப்புறைகள் மறைந்து அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிச் சின்னங்கள் தோன்றினால் அது நச்சுநிரலின் அடையாளம். அச்சின்னத்தைச் சொடுக்கலாகாது. பெயரின் கடைசி எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். 'ஜேபிஜி' என முடிவது படம். 'இஎக்ஸ்இ' என முடிவது இயங்கும் நிரல். படத்தின் பெயரைப் போர்த்திக் கொண்டு இறுதியில் 'இஎக்ஸ்இ' என முடியும் கோப்பு, ஆட்டுத் தோல் போர்த்த ஓநாய். திறன்பேசிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திருமண அழைப்பிதழ் என்று சொல்லி அனுப்பப்படும் கோப்பு 'ஏபிகே' என முடிந்தால் அது அழைப்பிதழன்று, செயலி. அதனை நிறுவுவது திருடனுக்குத் திறவுகோல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

காவலும் அரிதன்று. விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் உடனமைந்தே வருகிறது. அதனை நிறுத்தாமல் இயங்கவிட்டு, வெளியிலிருந்து வரும் பென் டிரைவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை சோதித்தல் போதும். விலை கொடுக்காமல் கிடைக்கும் திருட்டு மென்பொருளைத் தவிர்க்க வேண்டும். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளம் பயன்படுகிறது. விண்டோசுக்கென எழுதிய நச்சுநிரல்கள் அதில் பொதுவாக இயங்குவதில்லை. எனினும் அங்கிருந்து வரும் பென் டிரைவ் நிரலைச் சுமந்து வர இயலும்; எனவே சோதனை எங்கும் தேவை.

எத்தனை காவல் இருந்தாலும் ஒருநாள் ஏதேனும் ஒன்று தவறும். ஆதலால் அறிந்தோர் மூன்று, இரண்டு, ஒன்று என ஒரு கணக்குக் கூறுவர். படத்துக்கு மூன்று நகல்கள் வேண்டும். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். திறன்பேசியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, புறவன்தட்டில் ஒன்று என்பது நன்றே. ஆனால் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், கூரை போகும் நாளில் மூன்றும் போகும். புறவன்தட்டை எப்போதும் மடிக்கணினியில் செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டும் நிரல் அதனையும் சேர்த்தே பூட்டும். படியெடுத்தவுடன் அதனைக் கழற்றிப் போடியிலோ பொள்ளாச்சியிலோ உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வைத்தல் சிறந்தது. உறவுகள் இரண்டு மாநிலங்களில் பிரிந்து வாழ்வது பல வேளைகளில் துன்பமே. படங்களைப் பொறுத்தவரை அதுவே அரணாகிறது.

இவை அனைத்தையும் செய்த பின்னும் ஒரு வேலை எஞ்சும். பழைய தோட்டப் படங்களில் துரைமாரின் பெயர்கள் எழுதப்பட்டிருப்பதுண்டு; கூடை சுமந்து நிற்கும் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இரா. படம் அழியவில்லை; ஆயினும் அவர்கள் யாரென்பது அழிந்துவிட்டது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் எதுவும் இம்மறதியைத் தடுக்காது. பாட்டி அருகில் இருக்கும்போதே, மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, இவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று கேட்டு, கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் ஊரையும் ஆளின் பெயரையும் தமிழில் எழுதி வைக்கலாம். அந்த வேலைக்குக் கணினி அறிவு மிகுதியாக வேண்டியதில்லை. கேட்க ஒரு பேரப்பிள்ளையும், சொல்ல ஒரு பாட்டியும் இருந்தால் போதும்.

சிந்தித்து எழுதுக:
1. தாளில் அச்சிட்ட படத்துக்கும் திறன்பேசிப் படத்துக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. மூன்று நகல்களும் ஒரே வீட்டில் இருத்தல் ஏன் போதாது?
3. உங்கள் வீட்டுப் பழைய படம் ஒன்றில் இருப்பவர்களைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.