நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

காபன் வரவு என்றால் என்னவென்று வாப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது. வாப்பா புத்தளம் களப்பில் மீன்பிடிப்பவர். எங்கோ ஒரு நாட்டில் ஒரு கம்பனி புகை கக்குகிறது. வேறோர் இடத்தில் வளர்க்கப்படும் மரங்கள் ஒரு தொன் காபனீரொட்சைட்டை உறிஞ்சினால் அது ஒரு காபன் வரவு. கம்பனி அதைக் காசு கொடுத்து வாங்கித் தன் புகைக்கு ஈடாகக் காட்டலாம். 1997 இன் கியோட்டோ உடன்படிக்கையில் இடம்பிடித்த இந்த வழிமுறை, 2015 இன் பாரிஸ் உடன்படிக்கையில் 6ஆம் உறுப்புரையாகத் தொடர்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நட்ட மரத்துக்குக் காசா, நிக்கிற மரத்துக்குக் காசா, மகள்?"

விடை தேடியபோது நம் நாட்டுக் கணக்கொன்று கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பின் நம் கரையோரங்களில் கண்டல் கன்றுகள் பெருமளவில் நடப்பட்டன. 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வின்படி, நடுகை நடந்த பரப்பு 1000 முதல் 1200 ஹெக்டேயர். வெற்றி கண்டதோ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத நிலத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், கால்நடைகள் மேய்ந்ததும் காரணங்களிற் சில.

சாதாரண நடுகை தவறினால் கன்றும் உழைப்பும்தான் வீண். காபன் வரவாக விற்ற கன்று பட்டுப்போனால் இழப்பு இரட்டிப்பாகிறது. மரம் இல்லை; அதை நம்பி விடப்பட்ட புகை மட்டும் வானத்தில் இருக்கிறது. அந்தப் புகையால் உயரும் கடல், கம்பனியின் வாசலுக்கு முன் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றில் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன். உலக சராசரி நான்கு தொன்னுக்கும் அதிகம். இருந்தும், 2017 இல் காலநிலை அனர்த்தங்களால் மிகவும் பாதிக்கப்பட்ட நாடுகளின் ஜேர்மன்வொட்ச் பட்டியலில் நாம் இரண்டாம் இடம்.

அதற்காக இத்திட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கண்டல் தன் வேரடிச் சேற்றில் காபனை நெடுங்காலம் பூட்டி வைக்கிறது. இறாலும் மீனும் குஞ்சாய் வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். எங்கள் மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் வெட்டப்பட்டது. பின்னர் நோய் பரவிப் பல பண்ணைகள் கைவிடப்பட்டு வெறும் குழிகளாயின. அவற்றை மீண்டும் காடாக்கப் பணம் வேண்டும். 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை, இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை உலகின் முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. சரியாகச் செய்தால் நம்மால் முடியும்.

சரியாகச் செய்வதென்றால், கன்றுகளை நடுகை விழாவன்று எண்ணாமல் சில வருடங்கள் கழித்து எண்ண வேண்டும். வரும் பணத்தில் களப்பை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் பங்கிருக்க வேண்டும். வாங்கும் கம்பனி முதலில் தன் புகையைக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாத மிச்சத்துக்கே ஈடு தேட வேண்டும்.

தோழியரே, நாளை நம்மில் சிலர் விஞ்ஞானிகளாகவும் கணக்காளர்களாகவும் அதிகாரிகளாகவும் வருவோம். இத்தனை ஆயிரம் மரங்கள் நிற்கின்றன என்று ஒரு தாள் நம் மேசைக்கு வரும். அந்த எண் ஓர் அமானிதம். கையொப்பமிடுமுன் சப்பாத்தைக் கழற்றிவைத்துச் சேற்றில் இறங்கி எண்ணிப் பார்ப்போம்.